பெயர் தேயாதா?

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர், பி.எஃப். பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறார். சென்ற மாதம் வேப்பனப்பள்ளி வந்தவர் இந்துஸ்தான் யூனிலீவரின் பழைய ஆண்டறிக்கையைப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க சார், 2020 மார்ச்சுல பங்குதாரர் நிதி 8,000 கோடி. அடுத்த மார்ச்சுல 47,000 கோடிக்கு மேல. ஒரே வருஷத்துல எப்படி வளர்ந்திருக்கு!"

அது வளர்ச்சி இல்லை. 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ் தயாரித்த கம்பெனியை இணைத்துக்கொண்டு, விலையைப் புதுப் பங்குகளாகக் கொடுத்தார்கள். அவற்றின் அன்றைய சந்தை விலை, சுமார் 40,000 கோடி, ஏட்டில் ஏறியது. அதில் 17,000 கோடிக்கு மேல் 'குட்வில்'. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு நற்பெயர் என்று பெயர்.

நம் சந்தையில் ஒரு மளிகைக் கடையை வாங்குகிறீர்கள். சரக்கு, தராசு, அலமாரி எல்லாம் சேர்த்து 4 லட்சம் பெறும். கொடுத்ததோ 6 லட்சம். மிச்சம் 2 லட்சம்தான் குட்வில். முப்பது வருடம் உழைத்துப் பெயர் எடுத்தவர் தன் ஏட்டில் அதை எழுத முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் எழுதலாம்!

அதிலும் எனக்குச் சண்டை இல்லை. எழுதியதைத் தேய்க்காமல் வைத்திருப்பதில்தான் சண்டை. பழைய விதிப்படி இணைப்பில் வந்த குட்வில்லைப் பொதுவாக ஐந்து வருடத்துக்குள் லாபத்திலிருந்து கழித்துவிட வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு 2016-17 முதல் வந்த புது விதியில் வருடாந்தரக் கழிவு கிடையாது. மதிப்பு குறைந்ததா என்று வருடம் ஒருமுறை சோதித்தால் போதும். சோதிக்கும் கணிப்பைப் போடுவது யார்? அதிக விலை கொடுத்து வாங்கிய அதே நிர்வாகம். ஆடிட்டர் சரிபார்க்கிறார், உண்மைதான். ஆனால் எதிர்கால வருமானம் பற்றிய அனுமானத்தை எந்த ரசீதைக் கொண்டு சரிபார்ப்பது?

டாடா ஸ்டீல் 2007இல் ஐரோப்பாவின் கோரஸை சுமார் 620 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மதிப்பு குறைந்ததை 2012-13 கணக்கில்தான் மொத்தமாக எழுதினார்கள்: 8,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வருடம் 7,000 கோடி நஷ்டம். இடைப்பட்ட வருடங்களில் பங்கு வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்?

கழிவுக்கு எத்தனை வருடம் என்பதே மனம்போன கணக்கு என்கிறார்கள். இருக்கட்டும். ஜப்பானிய விதி 20 வருடத்துக்குள் கழிக்கச் சொல்கிறது. ஆண்டுதோறும் மாறும் அனுமானத்தைவிட எல்லோருக்கும் தெரிந்த ஒரு கெடு மேல்.

வேடிக்கை ஒன்று. குட்வில்லுக்கும் தேய்மானம் உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், வரிக் கணக்கில் தேய்மானம் கேட்டார்கள். 2021 நிதிச் சட்டம் அதை நிறுத்தியது. வரி அலுவலகத்தில் தேய்ந்த பெயர், பங்குதாரரிடம் மட்டும் தேயாதாம்!

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'சுர்வலேர்' என்றும் ஒரு சொல் உண்டு; மிகை மதிப்பு என்று பொருள். நற்பெயரைவிட நாணயமான பெயர்.

விதி மாறும்வரை நாமே ஒன்று செய்யலாம். சொத்துப் பட்டியலில் குட்வில் வரியைத் தேடி, பங்குதாரர் நிதியிலிருந்து கழித்துப் பாருங்கள். நண்பர் கழித்துப் பார்த்தார். அடுத்த அறிக்கையையும் பையிலிருந்து எடுத்தார்.