நடிகையும் தேசத் தொண்டும்

கே. பி. சுந்தராம்பாளைத் தேசபக்தர் வரிசையில் வைத்து நாம் எழுதியது கம்பைநல்லூர் அன்பரொருவருக்கு ரசிக்கவில்லை. கூலிக்குப் பாடும் சினிமா நடிகைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறார்.

கூலியைப் பற்றியே முதலில் பேசுவோம். கொடுமுடியில் வறுமையிற் பிறந்த அவ்வம்மையார் 1935-இல் 'நந்தனார்' படத்துக்குப் பெற்றது ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் ஊரே வாய்பிளந்த தொகை அது. அவ்வளவு விலைபோன குரலைத்தான் ஸ்ரீ சத்தியமூர்த்தி காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்தார். தேர்தல் கூட்டங்களில் ஜனங்கள் திரண்டது பிரசங்கத்துக்கா, பாட்டுக்கா? இதற்கு விடை தெரியாத தலைவர் அன்று எவரும் இரார்.

1933-இல் கணவர் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று உடுத்த வெள்ளுடையை அவர் பின்னர் களையவில்லை. ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் விரதம் பூண்டார். நந்தனாராக ஆண் வேடமே ஏற்றார். 1953-இல் ஔவையாராகக் கிழவி வேடம். சினிமாவில் இத்தனை கட்டுப்பாடு வேறு யாருக்கு இருந்தது?

பிற்காலத்தில் சென்னை மேல்சபை அங்கத்தினரானார். 1980-இல் காலமானார். அவருடைய காதற் கதையை இன்றும் சலிக்காமல் பேசுகிறோம். மேடைமேடையாகப் பாடித் திரிந்த நாட்களையோ ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். தலைவர்கள் படங்கள் வரிசையாக மாட்டிய மன்றங்களில் அம்மையாரின் படம் எத்தனை இடங்களில் இருக்கிறதென்று அன்பர் தம் ஊரிலேயே எண்ணிப் பார்த்து நமக்கு எழுதட்டும்.