தைலமும் பெல்ட்டும் போதுமா?

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நம் பெண்களைப் பற்றிப் பேசும்போது நாம் சம்பளத்தைப் பேசுகிறோம், இரவு டியூட்டியைப் பேசுகிறோம், ஹாஸ்டலைப் பேசுகிறோம். அவர்களுடைய முதுகைப் பற்றிப் பேசுவதில்லை. ஊரில் தங்கையின் கல்யாணத்துக்கும் தம்பியின் படிப்புக்கும் மாதாமாதம் பணம் போவது அந்த முதுகின் பலத்தில்தான். முப்பத்தைந்து வயதிலேயே அது ஒடிந்துபோனால் ஒரு குடும்பமே படுத்துவிடும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நர்சாக, ஆயாவாக, வார்டு உதவியாளராக உழைக்கும் பெண்கள் நம்மிடையே பலர். டியூட்டி முடிந்து வந்ததும் வெறுந்தரையில் படுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "இடுப்புப் பிடிப்பு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். மேட்ரனிடம் சொல்வதில்லை. சொன்னால் 'உடம்புக்கு முடியாதவள்' என்ற பெயர் வந்துவிடும். கான்ட்ராக்டில் இருப்பவளுக்கு அடுத்த மாதமே சீட்டு கிழிந்துவிடும்.

இது வயதால் வரும் வலி அல்ல, விதியும் அல்ல. வேலையால் வரும் வலி. தாழ்ந்த கட்டிலின் மேல் குனிந்து, கையை எட்ட நீட்டி, உடம்பைத் திருப்பி, ஒரு மனிதனைப் புரட்டுவதும் இழுப்பதும் தூக்குவதும் ஒரு டியூட்டியில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். குனிந்து, திரும்பி, பாரம் தூக்கும்போது முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள வட்டுகள் நசுங்குகின்றன. ஒரு நாளில் தெரியாது; பத்து வருஷத்தில் தெரியும்.

ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை வந்தால் முதலில் தராசில் ஏறும். எடையை எழுதிய பிறகுதான் அது நகரும். ஆஸ்பத்திரியில் நோயாளியை மருந்துக்காக எடை போடுவார்கள். அவரைத் தூக்கப் போகிறவளுக்காக எடை போடுவதில்லை. அமெரிக்க சர்க்காரின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார். நோயாளியைக் கையால் தூக்கும் வேலையில், எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, ஒருவர் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார். மனிதனுக்குப் பெட்டிபோல் கைப்பிடி கிடையாது; அவர் திடீரென்று அசைவார், வழுக்குவார், கழுத்தைக் கட்டிப் பிடிப்பார். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். இரண்டு காலையும் ஒருத்தி சேர்த்துத் தூக்கினாலே எல்லை தாண்டிவிட்டது!

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். நம் பெண்களிடம் கேளுங்கள், இரவு வார்டில் எத்தனை பேருக்கு ஒருத்தி என்று. உதவிக்கு ஆள் இல்லாதபோது 16 கிலோ என்ன, 60 கிலோவையும் அவளேதான் தூக்குகிறாள்.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியும் தூக்கும்படி வைக்கக் கூடாது என்றது. ஆனால் வார்டு தொழிற்சாலை ஆகவில்லை. நஷ்ட ஈட்டுக்கான தொழில் நோய்ப் பட்டியலில் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. நோயாளியைத் தூக்கித் தூக்கி வந்த இடுப்பு வலி இல்லை. நர்சுகளின் வேலை நிலைமைக்காகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1977இல் 149ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில் தொண்டு நிறுவனங்கள் வருகின்றன. வரட்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று சொன்ன பிறகு இத்தகைய திட்டங்கள் பெருகின. ஒரு ஹால், ஒரு பேனர், ஒரு டாக்டரின் சொற்பொழிவு, ஆளுக்கு ஒரு தைலம், ஓர் இடுப்பு பெல்ட், கடைசியில் குரூப் போட்டோ. அடுத்த வாரம் அறிக்கை வருகிறது: 'இத்தனை நூறு பேர் பயனடைந்தனர்.'

பயனடைந்தார்களா, வந்து போனார்களா? நாம் கேட்கும் கேள்வி இதுதான். வந்தவர்களை எண்ணுவது சுலபம். வலி குறைந்ததா என்று எண்ணுவதுதான் கஷ்டம். சுலபமானதை எண்ணிவிட்டு அதற்கே வெற்றி என்று பெயர் வைத்தால் அது கணக்கல்ல, கண்துடைப்பு.

'எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது' என்று பாடம் நடத்துவதால் மட்டும் முதுகு வலி தடுக்கப்படுவதில்லை. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான காக்ரேன் தொகுப்பு இதைச் சொல்லிவிட்டது. பாரம் அப்படியே இருக்க, தூக்குகிறவளுக்குப் புத்தி சொல்லி என்ன பயன்?

பலன் தந்த வழி வேறு. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் 23 வார்டுகளில் ஒரு திட்டம் நடத்தினார்கள். தூக்கும் கருவிகள் கொடுத்தார்கள். எந்த நோயாளியை எப்படி நகர்த்துவது என்று முன்கூட்டியே குறித்தார்கள். வார்டுக்கு ஒரு நர்ஸைப் பொறுப்பாக்கினார்கள். யாருக்காவது அடிபட்டால் காரணத்தை எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 2006இல் முடிவு வெளியாயிற்று: வருஷத்துக்கு 100 ஊழியருக்கு 24 என்றிருந்த காயங்கள் 16.9 ஆகக் குறைந்தன. தொடங்குவதற்கு முன் ஒன்பது மாதம் கணக்கு இருந்ததால்தான் பின் ஒன்பது மாதத்தோடு ஒப்பிட முடிந்தது.

அத்தனை கருவிக்கு நமக்குப் பணம் ஏது என்பார்கள். நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணிக்கும், உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டிலுக்கும், இரவில் கூடுதலாக ஓர் ஆளுக்கும் பெரிய பணம் வேண்டாம். பேனருக்கும் பெல்ட்டுக்கும் போகிற பணத்தில் துணியாவது வாங்கலாம்.

ஆகவே எந்த நிறுவனம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, தொடங்கும் முன்பே கணக்கு எடுத்தீர்களா? 1987இல் நார்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். உடம்பை 9 பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் வலி உண்டா, கடந்த 7 நாளில் உண்டா என்று கேட்பது அது. நம் பிள்ளைகளே தமிழிலும் மராத்தியிலும் எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஆறு மாதம் கழித்தும் ஒரு வருஷம் கழித்தும் அதே பெண்களிடம் கேட்டீர்களா? வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிக் கேட்டீர்களா? வலி தாங்காமல் பத்துப் பேர் நின்றுவிட்டால் மிச்சமிருப்பவர்களில் வலி குறைந்ததுபோலத்தான் தெரியும். போனவர்களை விட்டுவிட்டு எழுதும் வெற்றி பொய் வெற்றி.

மூன்றாவது, ஒரு டியூட்டியில் கையால் தூக்கும் தடவை குறைந்ததா? கொடுத்த சாமான் கட்டிலருகே இருக்கிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா?

நான்காவது, திட்டம் நடக்காத வேறு வார்டோடு ஒப்பிட்டீர்களா?

ஐந்தாவது, பெயரில்லாமல், மேட்ரன் இல்லாத இடத்தில் கேட்டீர்களா? கான்ட்ராக்ட் ஆயாக்களையும் சேர்த்தீர்களா?

ஒன்றை நாமும் புரிந்துகொள்ள வேண்டும். பயம் நீங்கிப் பெண்கள் வாய் திறந்தால் முதல் சில மாதங்களில் வலிக் கணக்கு ஏறும். அது தோல்வி அல்ல. மறைந்திருந்தது வெளியே வருகிறது. அதைச் சாக்காக வைத்துத் திட்டத்தை நிறுத்த விடக் கூடாது.

சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2021இல் விதிகளைத் திருத்தியபோது, சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய கம்பெனிகள், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் போட்ட திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு பலனை ஆராய வேண்டும் என்று வைத்தார்கள். நம் தெருவுக்கு வருகிற சில லட்ச ரூபாய்த் திட்டம் அதில் அகப்படாது. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பார்க்கத்தான் வேண்டும் என்கிறோம். அந்த மாடு நம் பெண்களின் முதுகைக் காட்டி வாங்கியது. அவர்கள் வலியின் பேரில் வசூலான ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர்களுக்கு முன்னால் கணக்கு வர வேண்டும்.

இந்த ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் தராத எந்த முகாமுக்கும் சங்கத்தின் ஹாலையும் பெயரையும் தரக் கூடாது என்று கிளைக் கூட்டங்களில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தைப் பேசும்போது ஆண்கள் மட்டும் பேச வேண்டாம். நர்சுகளையும் ஆயாக்களையும் முன் வரிசையில் உட்கார வையுங்கள். கேள்வித்தாளைக் கொண்டுபோய்க் கேட்கும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், நாளை நிர்வாகத்திடம் ஆள் கேட்கவும், சர்க்காரிடம் நஷ்ட ஈடு கேட்கவும் நமக்கு ஆதாரம் இருக்கும். தைலம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், கணக்கு தீராது.