குதிகால் வெடிப்பு: வலிக்காவிட்டால்தான் கவலை

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் பொழுது விடிவதே முந்திரிக்காட்டில்தான். உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். சூடேறிய மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்கள் நிறையப் பேர். சீசன் முடியும்போது கையில் கொஞ்சம் காசும், காலில் நாலு வெடிப்பும் மிச்சம்.

தறி ஓடும் வீடுகளில் இது வேறு விதமாகத் தெரியவரும். சொரசொரத்த குதிகால் பட்டால் போதும், நூல் இழுத்துக்கொள்ளும். போர்வையும் சேலை ஓரமும் கூடத் தப்பாது. வெடிப்பு ஆழமாகிவிட்டால் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியே கண்ணீரை வரவழைக்கும்.

முந்திரி விளையும் ஊர்களில் இதற்கென்றே ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: முந்திரிக்கொட்டை எண்ணெய். பருப்பைச் சுற்றியுள்ள ஓட்டிலிருந்து வடியும் கறுப்பு எண்ணெயை வெடிப்பில் தடவுவார்கள். சுரீரென்று எரியும், எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த எண்ணெய் உண்மையில் என்ன செய்யும் என்று முந்திரி உடைக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். உடைக்கும் முன் சாம்பலையோ எண்ணெயையோ அவர்கள் கையில் பூசிக்கொள்வதே அதற்குப் பயந்துதான். அந்த ஓட்டு எண்ணெயில் உள்ள அமிலப் பொருள்கள் தோலைப் பொசுக்கிவிடும். வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். கையில் பட்டால் தோலை உரிக்கும் பொருள், பிளந்து கிடக்கும் குதிகாலுக்கு மட்டும் எப்படி மருந்தாகும்?

பித்தத்துக்கும் வெடிப்புக்கும் என்ன?

பேச்சுவழக்கில் 'பித்தவெடிப்பு' என்கிறோம். ஆனால் இதற்கும் ஈரல் சுரக்கும் பித்தநீருக்கும் சம்பந்தம் இல்லை. காரணம் காலிலேயே இருக்கிறது.

நம் உடம்பில் பெரும்பாலான இடங்களில் தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. அங்கே வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். அதனால் பாதத்தின் தோல் தானாக எண்ணெய் போட்டுக்கொள்ளாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

குதிகாலுக்குள் மெத்தை போலக் கொழுப்பு இருக்கிறது. நிற்கும்போது உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்க, அந்த மெத்தை பக்கவாட்டில் பிதுங்கும். தோல் மிருதுவாக இருந்தால் கூடவே விரிந்து கொடுக்கும். தடித்துக் காய்ந்திருந்தால் விரியாது. காய்ந்த ஏரி மண்ணைப் போல ஓரத்தில் பிளக்கும். வெடிப்பு குதிகாலின் விளிம்பில் வருவதற்கு இதுதான் காரணம்.

வெறுங்கால் நடை, மணிக்கணக்கில் நிற்கும் வேலை, கூடுதல் உடல் எடை, பின்பக்கம் திறந்த ஹவாய் செருப்பு, துணி சோப்பையே காலுக்கும் போட்டுத் தேய்க்கும் பழக்கம், வயது, பனிக்காலம் எல்லாம் சேர்ந்து வெடிப்பை வளர்க்கின்றன. சிலருக்குச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, சோரியாசிஸ், பூஞ்சைத் தொற்று பின்னணியில் இருக்கும்.

இன்று இரவே தொடங்கலாம்

இதற்கு விலை உயர்ந்த மருந்து வேண்டாம். வேண்டியது தண்ணீர், எண்ணெய், விடாத பழக்கம்.

முதலில் ஊறவைத்தல். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் பாதத்தை வையுங்கள். உப்பு, ஷாம்பு, எலுமிச்சை எதுவும் தேவையில்லை. திறந்த வெடிப்பில் எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்து தேய்த்தல். கடையில் கிடைக்கும் பாதம் தேய்க்கும் கல்லால் தடித்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஒரே நாளில் வழவழப்பாக்கப் பார்த்தால் புண்ணாகிவிடும். ரத்தம் கசியும் வெடிப்பைத் தேய்க்கவே கூடாது. கழுவி, சுத்தமான துணியாலோ பிளாஸ்திரியாலோ மூடி, ஆறிய பிறகு தேய்க்கலாம்.

கடைசியாக எண்ணெய். பாதத்தை ஒற்றி எடுத்து, ஈரப்பதம் போவதற்குள் தடவ வேண்டும். நேரத்தைத் தவறவிடக் கூடாத இடம் இதுதான். எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தராது. உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் மூடி போடும். காய்ந்த காலில் எவ்வளவு தடவினாலும் பாதிப் பலன்தான்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எது கிடைத்தாலும் சரி. ஈரத்தைப் பூட்டுவதில் பெட்ரோலியம் ஜெல்லி கெட்டிக்காரன். விளக்கெண்ணெய் கெட்டியாக இருப்பதால் நெடுநேரம் நிற்கும். தடவிய பிறகு பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள். போர்வையிலும் ஒட்டாது, எண்ணெய்க் காலோடு நடந்து வழுக்கி விழும் ஆபத்தும் இல்லை.

தோல் ரொம்பத் தடித்திருந்தால் மருந்துக் கடைகளில் யூரியா கலந்த களிம்பு கிடைக்கும். வறட்சிக்கு 10 சதவீதம், கெட்டித் தோலுக்கு 20 முதல் 25 சதவீதம் உள்ளதைப் பயன்படுத்துவார்கள். வயலுக்குப் போடும் யூரியாவை எடுத்துக் குழைத்துவிட வேண்டாம். மருந்துக் களிம்பு வேறு. திறந்த வெடிப்பில் அது எரியும் என்பதால் ஆறிய இடத்தில் மட்டும் தடவுங்கள்.

தினமும் எண்ணெய் தடவினால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வலி குறையும். வலி போனதும் நிறுத்திவிட்டால் பழையபடி வந்து நிற்கும். பல் துலக்குவதைப் போல இதுவும் நாள் தவறாமல் செய்ய வேண்டியது.

இவை வேண்டாம்

பிளேடால் சீவாதீர்கள். எவ்வளவு ஆழம் போகிறது என்பது வெட்டும்வரை தெரியாது.

உருகிய மெழுகைச் சொட்டவிடாதீர்கள். உடனே ஒட்டும் பசையை வெடிப்பில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் அழுக்கையும் கிருமியையும் சேர்த்துப் பூட்டுவதாகிவிடும்.

முந்திரிக்கொட்டை எண்ணெய், எருக்கம்பால், சுண்ணாம்பு மூன்றையும் காலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெடித்த காலோடு மாட்டுக் கொட்டகையிலும் எருக்குழியிலும் வெறுங்காலாக இறங்காதீர்கள். தனுர்வாதக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். பிளந்த தோல் அதற்குத் திறந்த கதவு. கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது என்று நினைவில்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

வலிக்கிற வெடிப்பை எல்லோரும் கவனிப்பார்கள். ஆபத்து அதிகம் வலிக்காத வெடிப்பில்தான். இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன வேலை நடந்தது தமிழ்நாட்டில்.

1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று அப்போது நம்பினார்கள். நோயாளிகளைக் கூர்ந்து பார்த்த பிராண்டும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. நரம்பு கெட்டு உணர்ச்சி போனதால், முள் குத்தினாலும் தீ சுட்டாலும் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் அதே காலில் நடந்து நடந்து புண்ணை எலும்புவரை கொண்டுபோயிருந்தார்கள். உடம்பின் காவல்காரனான வலி அங்கே வேலை செய்யவில்லை.

அந்தப் பாதங்களைக் காக்க மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்றும் மருத்துவமனைகளில் சொல்வது அதைத்தான். தொழுநோய்ப் பிரிவுகளில் பாதப் பராமரிப்புக்குச் சொல்லித்தரும் பாடமும் எளியது: ஊறவை, தேய், எண்ணெய் தடவு, தினமும் பார்.

1960-களில் அமெரிக்கா போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களில் அதே கதையைக் கண்டார். மரத்துப்போன பாதம், தெரியாமல் வந்த காயம், ஆறாத புண். தொழுநோய்க்குக் கற்ற பாடம் சர்க்கரை நோய்க்கும் பொருந்தியது.

நம் வீட்டுக் கணக்கு

ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தால் வியர்வை குறைந்து பாதம் காய்கிறது. அதே நரம்புச் சேதத்தால் உணர்ச்சியும் மங்குகிறது. வெடிப்பு கூடும், வலி குறையும். "எனக்கு இப்பல்லாம் வலிக்கறதே இல்ல" என்று அப்பாயி சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியது. பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒரு விநாடி, இரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு தொடுதல்கள். தொட்டபோதெல்லாம் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதம் மரத்துக்கொண்டிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உணர்ச்சி மங்கியவர்களுக்கு விதிகள் வேறு. நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம், சும்மா கழுவித் துடைத்தால் போதும். வெந்நீரின் சூட்டை அவருடைய கால் சொல்லாது; வீட்டில் வேறொருவர் முழங்கையை வைத்துப் பார்க்கட்டும். சாலிசிலிக் அமிலம் கலந்த காலாணி பிளாஸ்திரி வேண்டாம். எண்ணெயைக் குதிகாலில் தடவுங்கள். விரல் இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு உச்சி வெயிலில் போய்க் கல் தரையில் வெறுங்காலோடு சுற்றினால், கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரியும். அதிகாலையில் போகலாம், கெட்டி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வெடிப்பைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தம் கசியும் வெடிப்பு வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு மூன்று வாரம் பார்த்தும் குறையவில்லையா? விரல் இடுக்கிலும் தோல் உரிகிறதா? உள்ளங்கையிலும் செதில் இருக்கிறதா? சோர்வும் எடை கூடுதலும் சேர்ந்திருக்கிறதா? வேறு நோய் இருக்கலாம், பரிசோதனை தேவை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் மாத்திரையை வாங்கும்போது பாதத்தையும் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் இருக்கிறது. அரியலூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

செருப்பு வாங்கும்போது பின்பட்டை உள்ளதாக, குதிகாலைத் தாங்கிப் பிடிப்பதாகப் பாருங்கள். முந்திரிக்காட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டே போகலாம்.

வயதானவர்களுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது கஷ்டம். கண் பார்வையும் மங்கியிருக்கும். அந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். கையில் எப்போதும் இருக்கும் செல்போனில் டார்ச் இருக்கிறது. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் அப்பாயியின் பாதத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கையோடு கொஞ்சம் விளக்கெண்ணெயும் தடவிவிடச் சொல்லுங்கள்.