கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்கு வரம்பு வேண்டும்



தீபாவளி நெருங்கினால் காரியாபட்டி ஜவுளிக்கடைகளில் கிரெடிட் கார்டை நீட்டுவோர் அதிகம். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துக் குடுங்கண்ணே" என்று கடைக்காரர் சொன்னதும் வாக்குவாதம் மூள்கிறது. அவர் பாட்டையும் பார்க்க வேண்டும். 10,000 ரூபாய்க்குத் துணி விற்று, வங்கி 2 சதவீதம் பிடித்தால் 200 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். ஆக 236 ரூபாய் அவர் கைக்கு வரும் பணத்தில் கழிகிறது. அட்டைதாரருக்குக் கிடைக்கும் ரிவார்டு பாயின்ட்டில் பெரும்பங்கு இந்தப் பணம்தான். கடைக்காரர் அதை விலையில் ஏற்றினால், பட்டாசு ஆலையில் வாரக்கூலி வாங்கி ரொக்கமாகத் துணி எடுக்கும் பெண்ணும் சேர்த்தே சுமக்கிறார். அவருக்குப் பாயின்ட் ஏது? இது அநியாயம்.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை விற்கும் சிறுகடைக்கு 0.40 சதவீதம். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 முதல் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படியொரு வரம்பு இல்லை. சிறுவணிகர்களுக்காவது ரிசர்வ் வங்கி அதை உடனே நிர்ணயிக்க வேண்டும். அதுவரை உள்ளூர்க் கடைகளில் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் பணம் செலுத்துங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், காரியாபட்டி