புனே அருகே 30 டிஷ்கள்: வானியலாளரும் இன்ஜினீயரும் சேர்ந்து வேலை செய்தது எப்படி?

நீங்கள் புனே ஹிஞ்சேவாடியில் கோட் எழுதுபவரா? தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும்பும் ரேடியோ டெலஸ்கோப்பை உங்கள் பக்கத்து ஆபீஸ்காரர் எழுதிய சாஃப்ட்வேர் இயக்கலாம். ஸ்கொயர் கிலோமீட்டர் அரே (எஸ்கேஏ) திட்டத்தில் இந்தியா சேர, 1,250 கோடி ரூபாய்க்கு 2024 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. அதன் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரில் புனேவின் என்சிஆர்ஏ ஆய்வு மையத்தோடு டிசிஎஸ், பெர்சிஸ்டன்ட் போன்ற ஐடி நிறுவனங்களும் கைகோத்தன.

வானியலுக்கும் ஐடிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீர்களா? இப்படி ஆள் சேர்ப்பது இந்தக் குழுவுக்குப் பழக்கம்தான்.

தொடக்கம் நம்ம ஊட்டி. 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழு அங்கே 530 மீட்டர் நீள டெலஸ்கோப்பைக் கட்டியது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்தார்கள். இதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தில் நகரும் பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். பாதி மெக்கானிக்கல் வேலையை மலையே செய்துவிட்டது!

அடுத்தது ஜிஎம்ஆர்டி. புனேவிலிருந்து சுமார் 80 கி.மீ., நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். முழுக்கத் தகட்டில் செய்திருந்தால் எடையும் காற்றும் சேர்ந்து பட்ஜெட்டை விழுங்கியிருக்கும். ஆனால் வானியலாளர்களுக்குத் தேவைப்பட்டதில் மிகச் சிறிய அலைநீளமே சுமார் 21 செ.மீ. அதற்கு ஒன்றிரண்டு செ.மீ. ஓட்டையுள்ள கம்பிவலையும் கண்ணாடி மாதிரிதான். காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். இந்த ஒரு தகவல் கிடைத்ததும், இன்ஜினீயர்கள் மெல்லிய ஸ்டீல் வலையைக் கயிறுகளில் இழுத்துக் கட்டினார்கள். 'இவ்வளவு துல்லியம் போதும்' என்று ஒரு துறை இன்னொரு துறையிடம் சொல்வதுதான் இங்கே முக்கியம். நம் ஆபீஸ் மீட்டிங்குகளில் அதிகம் கேட்காத வாக்கியம் அது.

பலன்? மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டியின் பல்சார் தரவு, 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து, ஈர்ப்பலைகளின் பின்னணி முணுமுணுப்புக்கான ஆதாரத்தை வெளியிட உதவியது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரை வானியலாளருக்குப் பதவி உயர்வு தரும். வலை கட்டியவருக்கு? எஸ்கேஏ டெவலப்பர் நாளை வேலை மாறும்போது, ரெஸ்யூமேயில் காட்ட அவர் பெயர் எங்கே இருக்கும் என்பதைக் குழு இப்போதே எழுதிவைக்கணும்.