இது என்ன படம் சார்?



ஓவியக் கண்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கும். அதில் மரம் இல்லை, மாடு இல்லை, மனிதர் இல்லை. மேலே கொஞ்சம் நீலம். நடுவில் காவித் திட்டுகள். கீழே கறுப்பும், பச்சையும். அவ்வளவு தான். பக்கத்தில் சின்ன அட்டையில், 'இயற்கை' என்றோ, 'தலைப்பு இல்லை' என்றோ எழுதியிருக்கும்.

உடனே அழைத்து வந்த ஆசிரியரிடம், 'இது என்ன படம் சார்?' என்று கேட்பீர்கள். அவரும் ஏதாவது சொல்வார். அதை நோட்டில் எழுதிக் கொண்டு, அடுத்த படத்துக்கு ஓடுவீர்கள். இன்னும் சிலர், 'இதை எங்க வீட்டுப் பாப்பா கூட வரையும்' என்று சிரித்துவிட்டு நகர்ந்து விடுவர்.

இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. உங்கள் கண்ணுக்கு உரிய வேலையை, இன்னொருவர் வாயிடம் ஏன் கொடுக்கிறீர்கள்? படத்தை நீங்களே பாருங்கள். நீங்களே பொருள் சொல்லுங்கள். இதுதான் என் கட்சி.

முதலில், அந்தப் பாப்பா விஷயத்தை முடித்து விடுவோம்.

கே.எம்.ஆதிமூலம் என்று ஓர் ஓவியர் இருந்தார். திருச்சி மாவட்டம், கீராம்பூரில், 1938ல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, காந்தியடிகளை ஏராளமான கோட்டோவியங்களாக வரைந்தார். வண்ணம் கிடையாது, வெறும் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் கண்ணாடியும், கைத்தடியும், அந்த மெலிந்த உடம்பும் வந்து நிற்கும். கி.ராஜநாராயணன், 'ஜூனியர் விகடன்' இதழில் கரிசல் காட்டு மக்களைப் பற்றி எழுதியபோது, அதற்குப் படம் போட்டவரும் இவரே. உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், நினைவு வைத்திருப்பார்கள்.

அப்படி வரையத் தெரிந்தவர், பின்னாளில் ஆளையும், மரத்தையும் விட்டுவிட்டார். பெரிய பெரிய துணித் திரைகளில் எண்ணெய் வண்ணத்தைத் திட்டுத் திட்டாகப் பரப்பினார். மண்ணும், நீரும், வானமும், வெளிச்சமும் தான் அந்தப் படங்களுக்கு மூலம். 2008ல் அவர் மறையும் வரை இந்த வேலை நடந்தது. வரையத் தெரியாமல் செய்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மரத்தை மரமாகவே வரைந்தால், 'மரம்' என்று சொல்லி விட்டு நாம் போய் விடுவோம். பெயர் தெரிந்ததும், பார்ப்பது நின்று விடுகிறது. பெயர் சொல்ல முடியாத படத்தின் முன்னால் தான் கண் கொஞ்ச நேரம் நிற்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தவன் நான். 'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்றால், நாற்பது பிள்ளைகளும் ஒரே படத்தைத் தான் வரைவார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் '3' எழுத்தைச் சாய்த்துப் போட்டது போல நான்கு காக்கைகள். நீங்களும் வரைந்திருப்பீர்களே!

மதுரைப் பிள்ளை எங்கே பார்த்தது முக்கோண மலையை? ஒத்தக்கடைப் பக்கம் போனால், யானைமலை ஒரே பாறையாக, நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. காலையில் ஒரு நிறம். உச்சி வெயிலில் ஒரு நிறம். மழை பெய்து ஓய்ந்ததும், ஈரக் கோடுகளோடு வேறொரு நிறம். ஒரு பக்கம் இருந்து பார்த்தால் யானை. இன்னொரு பக்கம் போனால் வெறும் பாறை. (அந்த மலையில் சிற்ப நகரம் அமைக்க, 2010ல் யோசனை எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், மலை தப்பியது.) தினமும் அதைப் பார்க்கிற பிள்ளையும், யாரோ வரைந்து காட்டிய முக்கோணத்தையே வரைகிறது. தன் கண்ணை நம்பாமல், அடுத்தவர் படத்தை நம்புகிறது. கண்காட்சியில், 'இது என்ன படம் சார்?' என்று கேட்கும் பழக்கம் இங்கே தான் தொடங்குகிறது என்பேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? மேலே சொன்ன அந்த நீலம், காவி, கறுப்பு, பச்சைப் படத்தையே எடுத்துக் கொள்வோம். அட்டையைப் படிக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைக்கு, அந்தக் கறுப்பு, கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணாகத் தெரியலாம். மேலூர் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு, பச்சை தான் முதலில் கண்ணில் படும். நாற்றங்காலின் இளம்பச்சை, வளர்ந்த பயிரின் கரும்பச்சை என்று அது பிரித்துச் சொல்லும். கண்மாய்க் கரையில் விளையாடுகிற பிள்ளை, 'தண்ணீர் வற்றிய கண்மாய். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோரைப்புல்' என்று சொல்லக் கூடும்.

இதில் எது சரி? மூன்றும் சரியாக இருக்கலாம்.

அதற்காக, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நினைத்து விடாதீர்கள். 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டால், விரல் நீட்டி இடம் காட்டத் தெரிய வேண்டும். 'இந்தக் கறுப்பில் கோடு கோடாக இருக்கே, அது வெடிப்பு' என்றால் ஏற்கலாம். 'விமானம் பறக்குது சார்' என்று சொல்லி, எங்கே என்றால் விழிப்பவனுக்கு மதிப்பெண் கிடையாது.

ஓவியம் என்றில்லை, துணியும், வண்ணமும் இல்லாத படைப்புகளையும் இப்படியே பார்க்கலாம். 2015 டிசம்பரில், பருவநிலை மாற்றம் பற்றிப் பேச, உலக நாடுகள் பாரிஸ் நகரில் கூடின. அப்போது ஓலாபர் எலியாசன் என்ற கலைஞர், கிரீன்லாந்து கடலில் மிதந்த பனிப்பாளங்களில் பன்னிரண்டைக் கொண்டு வந்து, நகரின் நடுவே, ஒரு திறந்தவெளியில் வைத்தார். எப்படி? வட்டமாக. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தனர். காதை வைத்துக் கேட்டனர். நாளாக ஆகப் பாளங்கள் கரைந்தன. பன்னிரண்டு பாளம், வட்டம், கரைகிறது... என்ன சொல்ல வருகிறார் என்பதை, நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள். உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். டிக் டிக் என்று ஓடிக் கொண்டிருக்கும்.

இன்னொன்று. இங்கிலாந்தில், ரிச்சர்டு லாங் என்ற கல்லூரி மாணவர், 1967ல், ஒரு புல்வெளியில் போவதும், வருவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தார். புல் மடங்கி, நேராக ஒரு கோடு விழுந்தது. அதைப் புகைப்படம் எடுத்தார். அது தான் அவர் படைப்பு. லண்டனில் உள்ள டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் அந்தப் படம் இருக்கிறது. நகரத்துப் பெரியவர்கள் இதன் முன்னால் குழம்பக் கூடும். வயல்காட்டில் ஒற்றையடிப் பாதையில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளை குழம்பாது. எத்தனை கால்கள் நடந்தால் புல் சாகும் என்பது அதற்குத் தெரியும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும், ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டதும் பதில் சொல்லி விடாதீர்கள். 'உனக்கு என்ன தெரியுது?' என்று திருப்பிக் கேளுங்கள். அட்டையில் இருப்பதைக் கடைசியாகப் படிக்கலாம். ஓவியர் சொன்னதும், பிள்ளை சொன்னதும் வேறாக இருந்தால், பிள்ளையைத் திருத்த வேண்டாம். மறுபடி ஒரு முறை, இருவரும் சேர்ந்து படத்தைப் பாருங்கள்.

சென்னைக்குப் போனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966ல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கியது. அங்குள்ள கலைக்கூடத்தில் இது போன்ற படங்களைப் பார்க்கலாம்.

பல கண்காட்சிகளில், வெளியே வரும் இடத்தில், கருத்து எழுத ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். பக்கம் பக்கமாக, 'மிக அருமை', 'சூப்பர்' என்று தான் இருக்கும். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். 'மூன்றாவது படத்தின் இடது மூலையில் இருக்கும் சிவப்பு, எங்க ஊர்ச் செம்மண் மாதிரி இருந்தது. அதற்கு மேலே ஏன் வெள்ளை வந்தது என்று புரியவில்லை' என்று எழுதி, கீழே பெயரையும், வகுப்பையும் போட்டு விட்டு வாருங்கள். அன்று இரவு, அந்த ஓவியர் முதலில் படிக்கப் போவது உங்கள் வரியைத் தான்.