ஊரிலிருந்து வருபவருக்கு ஒரு தாள்

மும்பையைப் பற்றிய எந்த வழிகாட்டி நூலைப் புரட்டினாலும் கேட்வே ஆஃப் இந்தியாவும் எலிஃபெண்டா குகையும்தான் முதலில் வரும். நம்மைத் தேடி வருபவர்கள் எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்கவா வருகிறார்கள்? பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா மெமோரியல் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருபவருக்கு எலிஃபெண்டா எதற்கு?

"மாட்டுங்காவுக்கு வந்துவிடு" என்று போனில் சொல்லிவிடுகிறோம். எந்த மாட்டுங்கா? மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் பாதையில் நமது கிங்ஸ் சர்க்கிள். கிங்ஸ் சர்க்கிளில் ஏறினால் தாதர் வரவே வராது. அந்தக் கிளைப்பாதை வடாலாவிலிருந்து நேரே மாஹிமுக்குப் போய்விடும். பரேல் போக வேண்டுமானால் மாட்டுங்கா வரை நடந்து ஸ்லோ வண்டி பிடிப்பதே மேல். தாதருக்கு அடுத்தது பரேல். குர்லா டெர்மினஸில் இறங்குபவரும் குர்லா ஸ்டேஷனைத் தேடி அலைகிறார். அருகில் இருப்பது திலக் நகர்.

இன்னொன்று. லோக்கல் வண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ரயில்வேயில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இது தெரியும். ஊரிலிருந்து வரும் நோயாளிக்கு யார் சொல்வது? காலை நெரிசலில் பொதுப் பெட்டியில் அவர்கள் படும் பாடு வேண்டாத பாடு.

சாப்பாட்டு விஷயத்தை எழுத வேண்டியதில்லை. மாட்டுங்காவில் அதை மூக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவையும் ஒரே தாளில் அடக்கலாம். நமது சங்கம் அச்சிட முன்வந்தால் பாதை வரைபடம் போட்டுத்தர நான் தயார். அன்பர்கள் ஆளுக்குப் பத்துப் பிரதி ஊருக்கு அனுப்பட்டும்.